பாலம் வரைக்கும் உன் இடம்

காலை ரயிலில் இப்போதெல்லாம் உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. புது வண்டி, மெத்தை வைத்த இருக்கை, தானாக மூடிக்கொள்ளும் கதவு, அடுத்த நிலையம் எது என்று வாய் ஓயாமல் சொல்லும் ஒரு பெண் குரல். அந்தக் குரலுக்கு ஆற்றுப்பாலம் தெரியாது. நிலையங்களை மட்டும்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே பாலத்தை அறிவிக்கும் பொறுப்பு இன்னும் மாத்திரை அக்காவிடமே இருக்கிறது.

சக்கரச் சத்தம் மாறி, இரும்புச் சட்டங்களின் நிழல் பெட்டிக்குள் விழ ஆரம்பித்ததும், "பாலம் வந்தாச்சு" என்பாள். முன்பெல்லாம் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னதை இப்போது பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறாள். உடனே இரண்டு பெண்களும் எழுந்து, ஜன்னலோரத்தில் இருந்தவள் இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் இருந்தவள் ஜன்னலோரமுமாக மாறி உட்காருவார்கள். எதிரே எத்தனையோ இருக்கைகள் காலியாகக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்? ஒருநாள் கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள், இது என்ன ஆன்ட்டி வேண்டுதலா என்று. அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் அந்தப் பெண் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. இது ஒரு நிறுத்தத்துக்குள் அடங்குகிற கதை இல்லை.

மாத்திரை அக்கா என்ற பேர் அந்த ரயில் அவளுக்கு வைத்தது. மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்து, ஏதாவது ஒரு குழி காலியாக இருக்கிறதா, உள்ளே மாத்திரை உடைந்து கிடக்கிறதா என்று பார்த்து ஒதுக்கவேண்டும். பெட்டியில் யாருக்குத் தலைவலி என்றாலும் இவளைத்தான் கேட்பார்கள், கம்பெனியையே பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறவளைப் போல. பையில் சாப்பாட்டு டப்பாவைத் தவிர வேறொன்றும் இருக்காது என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் அவளே காசு கொடுத்துத் தலைவலி மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

அவள் முதன்முதலில் அந்த மூன்றாம் பெட்டியில் ஏறியபோது வயிற்றில் மகள் இருந்தாள். மரப்பலகை இருக்கைகள், பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் மாட்டாத இறங்கவும் மாட்டாத ஜன்னல் ஷட்டர்கள், எள் விழ இடமில்லாத கூட்டம். நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்றாள். மறுபடியும் சொன்னார். மறுபடியும் வேண்டாம் என்றாள். ரோஷத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயிற்றில் பிள்ளை இருந்தாலும் தன் காலில்தான் நிற்கவேண்டும் என்று நினைக்கிற வயசு.

கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "சரி, முழுசா வேணாம். பாலம் வரைக்கும் உன் இடம். பாலத்துக்கு அப்புறம் என் இடம். இது தானம் இல்ல, பங்கு."

பங்கு என்றதும் அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. பாலம் சரியாகப் பாதி வழியில் வரும். உட்கார்ந்தாள். அன்றைக்கென்று அசதியில் தூங்கிப்போய்விட்டாள். கண் விழித்தபோது பாலம் தாண்டி எவ்வளவோ தூரம் வந்தாகிவிட்டது. அவர் பாட்டுக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவளுக்கு மானமே போய்விட்டது. மறுநாள் முதல் பாலம் வருகிறபோது தூங்கிவிடக் கூடாது என்பதற்காகவே, சக்கரச் சத்தம் மாறியதும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுந்தாள். எதிர் பலகையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களில் ஒருவர் எழுந்து தன் முன்னால் நின்றவருக்கு இடம் கொடுத்தார். பிறகு இன்னொருவர். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுக்கவில்லை. மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன காலத்துக்குள் மூன்றாம் பெட்டியின் சட்டமே அதுவாகிவிட்டது. பாலம் வரை உட்கார்ந்தவர் பாலம் வந்தால் எழுந்திருக்கவேண்டும். நின்றவர்களின் பைகள் உட்கார்ந்தவர்கள் மடியில் இருக்கும். மாறும்போது பைகள் அங்கேயே இருக்க, மடிகள் மட்டும் மாறும். புதிதாக ஏறியவர் யாராவது சட்டம் பேசினால், மொத்தப் பெட்டியும் அவரை ஒரு பார்வை பார்க்கும். அதற்குப் பிறகு அவரும் எழுந்துவிடுவார்.

கண்ணாடி மாமா என்று அவருக்கும் ஒரு பேர் நிலைத்தது. லிஃப்ட் மெக்கானிக் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான், அவனுக்கு ஸ்பானர் என்று பேர். அந்தப் பெட்டியில் எத்தனை கல்யாணம் பேசி முடித்திருப்பார்கள், எத்தனை சண்டை சமாதானமாகியிருக்கும், யார் வீட்டுத் துக்கத்துக்கு யாரெல்லாம் போய் நின்றார்கள் என்று அக்கா இன்றைக்கும் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாள். வீட்டில் பேசாததை எல்லாம் அங்கேதான் பேசினாள். நின்றபடி கேட்பதற்கு ஒரு காதும், உட்கார்ந்தபடி கேட்பதற்கு ஒரு காதும் எப்போதும் இருந்தன.

அப்படியிருக்கையில்தான் பாலத்தில் விரிசல் கண்டது. தூண்களைச் சரிசெய்யவேண்டும், மூன்று மாதம் ரயில் ஓடாது, அதுவரை மாற்றுப் பேருந்து விடுவோம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்று மாதம் என்று எழுதிய கையை என்ன செய்யலாம்? ஒரு வருஷம் ஆயிற்று.

எட்டுப் பெட்டியில் போன கூட்டத்தை நான்கு பேருந்தில் அடைத்துவிடலாம் என்று யாரோ குளுகுளு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார். அவர் ஒருநாளாவது அதில் ஏறியிருந்தால் கணக்கு திருந்தியிருக்கும். ஸ்டேஷன் வாசலில் பேருந்து வந்து நிற்பதற்கு முன்பே ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வார்கள். ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். உள்ளே போனவர்களுக்குக் கை இருக்கிற இடத்தில் கால் இருக்காது. மூச்சு விட்டால் அடுத்தவர் கழுத்தில் விழும். டிரைவரின் தோள்மேலேயே இரண்டு பேர் சாய்ந்திருப்பார்கள். இடது பக்கக் கண்ணாடி அவருக்குத் தெரியாது, யாராவது எட்டிப் பார்த்து "வரலாம், வரலாம்" என்று சொன்னால்தான் அவர் வண்டியைத் திருப்புவார். முன்பக்கக் கதவோ மடக்குக் கதவு. கூட்டம் படியில் நிற்பதால் அதை மூட முடியாது. மூட முடியாத கதவு ஆடிக்கொண்டே இருக்கிறதென்று ஒரு கயிற்றால் அதைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூன்று பேர் பயணம் செய்வார்கள்.

தெரிந்தேதான் எல்லோரும் ஏறினார்கள். ஏறாமல் என்ன செய்வது? அக்காவுக்கு அந்த வருஷம் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. மகள் வயிற்றில் இருந்தபோது சேர்ந்த வேலை, மகள் கல்லூரிக்குப் போன பிறகும் தற்காலிகம்தான். கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு, பேக்கிங் பிரிவில் சிலரை நிரந்தரம் செய்யப்போவதாகச் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேனேஜர் ஒருநாள் காலை வருவார், மணி அடிக்கும்போது அவரவர் விளக்கு முன்னால் யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான் பார்ப்பார், இல்லாதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதுவரையிலும் தாமதமே கூடாது என்று சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இந்த முறை விட்டால், பிறகு அவள் வயசைக் காட்டியே தட்டிக் கழித்துவிடுவார்கள். ஆகவே அவளும் முட்டி மோதித்தான் ஏறினாள். நாகரிகமெல்லாம் ரயிலோடு போயிற்று.

பேருந்தில் இன்னொரு கஷ்டம், எட்டுப் பெட்டியின் ஜனமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மூன்றாம் பெட்டிக்காரர்களுக்குத் தங்களைத் தவிர மற்றவர்களெல்லாம் பண்பாடு இல்லாதவர்கள் என்று ஒரு நினைப்பு. அதிலும் முதல் பெட்டியில் வந்துகொண்டிருந்த ஒருத்தியை அக்காவுக்குக் கண்ணிலேயே காட்டக் கூடாது. நெட்டையான பெண், நூலகத்தில் வேலை, வெயிலோ மழையோ கையில் நீளமான கறுப்புக் குடை. அந்தக் குடையை முன்னால் நீட்டிக்கொண்டு எப்படியோ தினமும் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவாள். குடைக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மூன்றாம் பெட்டி வழக்கத்தைச் சொல்லி, பாதி வழிக்குப் பிறகு கொஞ்சம் எழுந்தால் என்ன என்று அக்கா கேட்டாள்.

"நான் எதுக்கு எழுந்திருக்கணும்? இது ரயிலும் இல்ல, நீங்க ரயில்வேயும் இல்ல" என்றாள் குடைக்காரி. அக்கா வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. அன்று அதிசயமாக அக்காவுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்திருந்தது. மூன்றாம் பெட்டிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கங்கே சிதறி உட்கார்ந்தும் நின்றும் இருந்தார்கள். கண்ணாடி மாமா கடைசியாக ஏறியவர், படியில் நின்றிருந்தார். ஸ்பானர் அவருக்கு ஒரு படி மேலே. ஜன்னல் கம்பியின் குளிர்ச்சியில் கன்னத்தை வைத்து அக்கா வெளியே பார்த்துக்கொண்டே போனாள். சாலை ஆற்றங்கரையில் வளைந்து, சாலைப் பாலத்தில் ஏறத் திரும்புகிற இடத்தில், தூரத்தில் ரயில் பாலம் தெரிந்தது. தூண்களைச் சுற்றிச் சாரம் கட்டி, துணி போர்த்தி, காய்ச்சல்காரனைப் போல அது நின்றிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவள் மனசு எங்கேயோ போய்விட்டது. மரப்பலகை, சக்கரச் சத்தம், மடியில் ஸ்பானரின் கனமான பை. நாக்கு அவளைக் கேட்கவில்லை.

"பாலம் வந்தாச்சு" என்றாள், பழைய பெட்டி முழுக்கக் கேட்ட அதே குரலில்.

மூன்றாம் பெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். யாரும் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் அந்தச் சொல்லுக்கு எழுந்த கால்கள், இப்போதும் எழுந்தன. எழுந்தவர்கள் நிற்க இடமில்லை, நின்றவர்கள் உட்காரப் பாய்ந்தார்கள், வண்டியோ வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மொத்தக் கூட்டமும் ஒரே பாரமாகக் கதவுப் பக்கம் சரிந்தது. கயிறு அறுந்தது. யாரோ வீறிட்டார்கள். ஸ்பானர் எட்டி மாமாவின் தோள்பை வாரைப் பிடித்தான். வார் கொஞ்சம் தாங்கிப் பிறகு அறுந்தது. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது. பால வேலைக்காகச் சாலையோரம் கொட்டியிருந்த மணல் குவியலில் போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மண்டை தப்பியது. பின்சக்கரம் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா மாமாவின் வார் அறுந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னது தன் வாய்தானே என்று ஸ்பானரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அவளைச் சமாதானப்படுத்தத் தெரியாமல், மாமாவின் கடைக்குத் தகவல் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனான். போனவன் ஒரு மாதிரியான முகத்தோடு திரும்பி வந்தான். அங்கே கண்ணாடிக் கடை இல்லை. செல்போன் உறை விற்கிற கடைதான் இருந்தது. முதலாளி இறந்துபோய் கண்ணாடிக் கடையை மூடி ரொம்ப நாளாயிற்று, இரண்டு வருஷமாவது இருக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துக்கமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம் நேராகப் போய் நின்றாள். எலும்பு எப்படியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"கடையே இல்லாம ரெண்டு வருஷமா எங்க மாமா போயிட்டு வர்றீங்க?"

மாமா கூரையைப் பார்த்தார். கடைசி நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடிப்பாராம். பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்காருவாராம். பிறகு காலியாகத் திரும்புகிற வண்டியில் வீடு வந்து சேருவாராம். மனைவி போய்ச் சேர்ந்தபின் மாடியறையில் அவர் ஒருவர்தான். இதையெல்லாம் ஏதோ கடைக் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"ரயில்ல வந்தது சரி. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போற பஸ்ல, போக இடமே இல்லாத மனுஷன் எதுக்கு மாமா தொங்கிக்கிட்டு வரணும்?"

"வீட்டுல உக்காந்தா, உக்காந்ததுதாம்மா" என்றார் அவர். "பாலமே வராது. எழுந்திருன்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது."

அவள் திட்ட வந்ததையெல்லாம் மறந்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவரே அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். தப்பு அவளுடையது இல்லை, பாலம் வந்தாச்சு என்ற குரலைக் கேட்டதும் சந்தோஷத்தில் கம்பியை விட்டது தான்தான் என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் தன் முறை வந்ததே என்று உள்ளே வரப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது சிரித்தார். சிரித்ததில் எலும்பு வலித்து முகம் சுளித்தார். அக்கா வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

கட்டோடு அவர் வீடு திரும்பிய பிறகு, ஸ்டேஷன் வாசலில் அவரை நிறுத்துவது என்ற யோசனை அவளுக்குத்தான் வந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் போயாகவேண்டும். போகவேண்டாத ஒரே ஆள் அவர்தான். அவர் கதவருகில் நின்று, போதும் என்கிற இடத்தில் போதும் என்று சொல்லட்டுமே. ஏறுவதற்கு அவசரப்படாத ஒருவர் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும்? இனி பேருந்தில் பாதி வழியில் மாறுவது கூடவே கூடாது, அது ரயில் வரும்வரை மூட்டை கட்டி வைக்கவேண்டியது என்றும் மூன்றாம் பெட்டிக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

முதல் சில நாள் மாமா வாங்காத வசவு இல்லை. நீ யாருய்யா, யூனிஃபார்ம் எங்கே, உன் அப்பன் வீட்டு வண்டியா என்று வாய்க்கு வந்தபடி கேட்டார்கள். கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கும் கையோடு, "நான் யாரும் இல்லப்பா. எனக்கு அவசரம் இல்ல, அவ்வளவுதான்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். அவருடைய விதி எளியது. உட்கார்ந்தவர் போக, நிற்கிற ஒவ்வொருவர் கைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். கம்பி தீர்ந்தால் வண்டி நிறைந்தது. கதவு மூடவேண்டும். மூடினால்தான் வண்டி நகரும். இதில் அதிகம் மகிழ்ந்தவர் டிரைவர். அவர் தினமும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேதான் வண்டி ஓட்டினார் என்பது யாருக்கும் தெரியாது. கதவை முழுசாக மூட முடிந்த முதல் நாள், இறங்கி வந்து மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதுவரை எல்லோரும் எப்படியோ திணித்துக்கொண்டு போனதால் வாசலில் ஒருவரும் மிஞ்சவில்லை. மிஞ்சாததால் நான்கு வண்டி போதும் என்றே மேலிடம் நினைத்துக்கொண்டிருந்தது. மாமா நின்ற பிறகு வாசலில் வரிசை மிஞ்சியது, வரிசை தெருவரை நீண்டது, தெருவில் போகிறவர்கள் என்ன என்று கேட்டார்கள். கேள்வி எங்கெங்கோ போய், கடைசியில் இன்னொரு வண்டி வந்தது. ஆனால் அது வருவதற்கு முந்தைய வாரத்தில்தான் மருந்துக் கம்பெனியின் மேனேஜர் வந்தார்.

அன்று மழை. அக்கா எப்போதும்போல நேரத்தோடுதான் வந்தாள். ஆனால் முதல் வண்டி வருகிற வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம், அதில் போகவேண்டியவர்களும் வரிசையில் நின்றிருந்தார்கள். இரண்டாவது வண்டி வந்தது. ஒவ்வொருவராக மாமா ஏற்றினார். வரிசை நகர நகர அக்கா தன் முன்னால் இருப்பவர்களையும் உள்ளே தெரியும் கம்பிகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் ஏறினார். அவள் படிக்குக் கால் தூக்கினாள்.

"போதும்" என்றார் மாமா.

அவருக்கு எல்லாம் தெரியும். முந்தைய நாள் சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள், எந்தச் சேலை கட்டப்போகிறேன் என்பதுவரை.

"மாமா, இன்னிக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"ஒரு கால் வைக்கிற இடம் போதும். பிடிச்சுக்குவேன்."

"எனக்கும் அன்னிக்கு ஒரு கால் வைக்க இடம் இருந்துச்சு."

அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார், ஆனால் கை நகரவில்லை. நல்ல கையால் கதவின் பிடியைப் பிடித்திருந்தார். அக்காவுக்கு அந்தக் கையைத் தள்ளிவிட்டு ஏறவேண்டும் என்று இருந்தது. தள்ளினால் அவரால் தடுக்க முடியாது என்பதும் தெரியும். அவரை அங்கே நிறுத்தியதே அவள்தான். தூக்கிய காலைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் விளக்கு முன்னால் பிடித்த அட்டைகளெல்லாம் கண்முன் வந்து போயின. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அடுத்த வண்டியின் சுவடே இல்லை. பேருந்தின் பின்பக்கத்திலிருந்து ஸ்பானர், நான் இறங்குகிறேன் அக்கா, இறங்குகிறேன் என்று கத்துவது கேட்டது. அத்தனை பேரைத் தாண்டி அவன் வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். டிரைவர் கதவை மூடப் போனார்.

மூடுகிற கதவின் நடுவே ஒரு கறுப்புக் குடை வந்து நீட்டிக்கொண்டது.

குடைக்கு அப்புறம் குடைக்காரி வந்தாள். முன்வரிசையிலிருந்து எழுந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே படியிறங்கினாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மழையில் நின்று குடையை விரித்தாள்.

"ஏறு" என்றாள்.

நூலகத்துச் சாவி குடைக்காரியிடம்தான் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் போய்த் திறக்காவிட்டால் அங்கே வருகிற அத்தனை பேரும் வாசலில் மழையில் நிற்கவேண்டியதுதான். உங்களுக்கு நேரமாகுமே என்று அக்கா ஏதோ உளறினாள்.

"ஆகும்" என்றாள் குடைக்காரி. "என் இடம் இதுவரைக்கும்தான். பாலம் வந்தாச்சுன்னு வெச்சுக்கோ."

அக்கா ஏறினாள். குடைக்காரி உட்கார்ந்திருந்த இருக்கையில் இன்னும் சூடு இருந்தது. யாரோ அவள் பையை வாங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொல்லி, பிறகு பையை அவள் மடியில் வைத்தார்கள். கதவு மூடிக்கொண்டது. ஈரக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது, ஒரே குடைக்குள் இருவர் நின்றிருந்தார்கள். கறுப்புக் குடையை மாமாவின் முறிந்த தோள் நனையாதபடி அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள் குடைக்காரி. அவளுடைய இன்னொரு தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. வண்டி வளைவில் திரும்பி, ரயில் பாலம் தெரிந்தபோது, அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பாதியும் உட்கார்ந்தேதான் போனாள். மணி அடிக்கும்போது தன் விளக்கு முன்னால் இருந்தாள்.

ரயில் திரும்பி வந்த நாளில் மாமாவும் வந்தார், டீ குடிக்கத்தான் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகும் நான்கு வருஷம் வந்தார். அவர் இல்லாமல் போன பிறகு, ஸ்பானரும் வேறு ஊர் போன பிறகு, இடத்துக்குப் பஞ்சமில்லாத இந்தப் புது வண்டி வந்த பிறகு, மூன்றாம் பெட்டியில் மிஞ்சியது அக்கா ஒருத்திதான். முதல் பெட்டியை விட்டு இங்கே வந்து ஏறுகிறவள் இன்னொருத்தி. அவளுக்கு ஜன்னலோரம் வேண்டும், இன்றைக்கும் குடையை நீட்டித்தான் இடம் பிடிப்பாள்.

"பாலம் வந்தாச்சு" என்பாள் அக்கா.

குடைக்காரி முனகிக்கொண்டே எழுந்திருப்பாள்.